ஆமாம் என்று சொன்ன பிறகு

ஜூலை 9, செவ்வாய்

மனநலத் துறை டாக்டர் அருளானந்தம் இந்த நோட்டைக் கொடுத்து, ஒவ்வொரு வகுப்பு முடிந்ததும் பிள்ளைகள் எப்படிப் பேசினார்கள் என்று எழுதி வைக்கச் சொன்னார். எழுதுகிறேன். ஆனால் இன்று எழுதுவதை அவரிடம் கொடுக்க முடியாது. அவருக்கு வேறு ஒரு தாளில் மரியாதையாக எழுதிக் கொடுத்துவிடலாம்.

விஷயம் இதுதான். அரசு மருத்துவக் கல்லூரியில் கடைசி வருடம் படிக்கிற பிள்ளைகளுக்கு ஒரு பயிற்சி. ஹெச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு மனச்சோர்வு வந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது, எப்படிப் பேசுவது என்று. நிஜ நோயாளியை நடுவில் உட்கார வைத்துப் பழகக் கூடாதாம். நடிக்க ஆள் கேட்டு எங்கள் பாசிட்டிவ் சங்கத்துக்கு ஃபோன் வந்தது. பதினான்கு வருடமாகச் சங்கத்தில் இருக்கிறாள், மேடையில் பேசிப் பழகியவள் என்று என்னை அனுப்பிவிட்டார்கள். ஆக, ஹெச்.ஐ.வி. உள்ள சாந்தாமணியாகிய நான் ஹெச்.ஐ.வி. உள்ள லட்சுமியாக நடிக்க வேண்டும்.

லட்சுமிக்கு ஒரு தாள் கொடுத்தார்கள். வயது முப்பத்தைந்து. கணவர் இறந்துவிட்டார். இரண்டு மாதமாக மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை. தலையைக் குனிந்தே இருக்க வேண்டும். மூன்றாவது கேள்வியில் அழ வேண்டும்.

மூன்றாவது கேள்வியில் ஏன் அழுகிறாள் என்று கேட்டேன். "மாணவர்களுக்குப் புரியறதுக்காகங்க" என்றார் டாக்டர். மனச்சோர்வு வந்தவர்கள் எத்தனை பேரை நான் பார்த்திருக்கிறேன்! யாரும் அழவில்லை. வீட்டைப் பெருக்கிக்கொண்டு, பேருந்தில் சில்லறை வாங்கிக்கொண்டு, "நல்லா இருக்கேனுங்க" என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள்.

மாணவர்களிடம் ஒன்பது கேள்விகள் உள்ள ஒரு தாள் இருக்கும். கடந்த இரண்டு வாரத்தில் தூக்கம் எப்படி, பசி எப்படி, எதிலாவது விருப்பம் இருக்கிறதா என்று வரிசையாகக் கேட்டு மதிப்பெண் போட வேண்டும். கடைசிக் கேள்வி, செத்துப்போனால் தேவலை என்றோ தன்னைத் தானே ஏதாவது செய்துகொள்ளலாம் என்றோ நினைப்பு வந்ததா என்பது.

இன்று ஐந்து பேர் வந்தார்கள். நான்கு பேரின் முதல் கேள்வி, "உங்களுக்கு இது எப்படி வந்துச்சு?" அது தாளிலேயே இல்லாத கேள்வி. எப்படி வந்தது என்று தெரிந்தால் மாத்திரை மாறுமா? ஐந்தாவது பையன் ரோஹித், அப்பா அம்மா இருவரும் டாக்டர்களாம். கை கொடுத்தான். சந்தோஷப்பட்டேன். வெளியே போய்க் கிருமிநாசினியைக் கையில் தேய்த்துக்கொண்டதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன்.

ஒன்பதாவது கேள்வியை ஒருவரும் கேட்கவில்லை. நேரமாகிவிட்டதாம்.

ஜூலை 10, புதன்

தண்ணீர் வந்தது. துணி துவைத்தேன். ஆடி பிறக்கவே இன்னும் ஒரு வாரம் இருக்கிறது, அதற்குள் இந்தக் காற்று. இரண்டு புடவை பக்கத்து வீட்டு மாடியில்.

ஜூலை 12, வெள்ளி

சங்கத்தில் என் வேலை, மாத்திரை வாங்க வராதவர்களைத் தேடிப் பிடிப்பது. ஏ.ஆர்.டி. சென்டரிலிருந்து மாதா மாதம் பட்டியல் வரும். ஹெச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்து கொடுக்கிற இடம் அது, ஆஸ்பத்திரியின் பின்பக்கம் இருக்கிறது. பட்டியலில் உள்ள ஒவ்வொருவரையும் ஃபோனில் கூப்பிட்டு ஏன் வரவில்லை என்று கேட்டு, பதிலை எதிரில் எழுத வேண்டும்.

இன்று மூன்று மாதத்துக்கான அறிக்கை வந்தது. சுகுணாவின் பெயருக்கு எதிரே எழுதியிருந்தது: 'இறப்பு. மருந்து ஒழுங்கின்மை.'

சுகுணாவுக்கு இருபத்தொன்பது வயது. ஸ்பின்னிங் மில்லில் வேலை. பிப்ரவரி மாதம் எடுத்த ரத்தப் பரிசோதனையில் அவள் உடம்பில் கிருமி கண்டுபிடிக்கவே முடியாத அளவுக்குக் குறைந்திருந்தது. அப்படி மாத்திரை சாப்பிட்டவள் அவள். ஏப்ரலில் அவள் உயிரை அவளே முடித்துக்கொண்டாள். கிருமி அவளைக் கொல்லவில்லை. கடைசி ஒரு மாதம் மாத்திரை வாங்க வரவில்லை என்பதை வைத்து, ஒழுங்கின்மை என்று எழுதிக் கோப்பை மூடியிருக்கிறார்கள்.

சென்டருக்கு ஃபோன் செய்து கத்தினேன். "அதுல அஞ்சு காரணந்தாங்க்கா இருக்கு, ஒண்ண டிக் பண்ணணும்" என்றாள் அந்தப் பெண். அவள் மேல் தப்பில்லை. இருந்தாலும் கத்தினேன்.

ஜூலை 16, செவ்வாய்

லட்சுமியின் தாளைக் கிழிக்கவில்லை, மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன். இன்று நான் சுகுணாவாக உட்கார்ந்தேன். டாக்டரிடம் சொல்லவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து, சிரித்த முகமாக, "தூக்கந்தானுங்க கொஞ்சம் வரமாட்டேங்குது, மத்தபடி ஒண்ணுமில்லீங்க" என்றேன். சுகுணா அப்படித்தான் சொல்வாள்.

பிள்ளைகள் தடுமாறிப் போனார்கள். அழாத நோயாளியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஒருத்தி, "தைரியமா இருங்கம்மா" என்றாள். இன்னொருவன், "உங்க கொழந்தைக்காக நீங்க வாழணும்" என்றான். எனக்குக் குழந்தை இருக்கிறதா என்று கேட்கவே இல்லை. தைரியமாக இரு என்பது மாத்திரையா, ஊசியா? அதைச் சொல்லிவிட்டு எழுந்து போவதற்கு ஐந்து வருடப் படிப்பு எதற்கு?

கடைசியாக ஒரு பெண் வந்தாள். ஒல்லி. நெற்றியெல்லாம் வியர்வை. பெயர் இசக்கியம்மாள், ஊர் தூத்துக்குடிப் பக்கம். வகுப்பில் ஐசு என்று கூப்பிடுகிறார்கள். எட்டுக் கேள்வியும் ஒரே மூச்சில் கேட்டு முடித்தாள். ஒன்பதாவதில் நிறுத்தி, "இது... இல்லன்னு போட்டுக்கிடுதேன்க்கா, சரியா?" என்று சொல்லிப் பூஜ்யம் போட்டாள்.

நான் மேசையைத் தட்டினேன். "நீ யாரு எனக்கு இல்லைன்னு போடறதுக்கு? என்ற உசுரு, நீ பூஜ்யம் போடுவியா?"

டாக்டர் எழுந்து வந்து, "மேடம், மேடம், இது முதல் தடவை" என்றார். அந்தப் பெண் அழுதாள். நான்தான் அழ வேண்டும் என்று தாளில் இருந்தது.

வருத்தம் எதுவும் இல்லை.

ஜூலை 17, புதன்

சமைக்கவில்லை. பசி இல்லை. வெயில் காரணம்.

நேற்று மாத்திரை போட்டேனா என்று நினைவில்லை. போட்டிருப்பேன்.

ஜூலை 21, ஞாயிறு

பெங்களூரிலிருந்து தாரணி ஃபோன் செய்தாள். என் மகளுக்கு இருபத்திரண்டு வயது, கம்பெனி வேலை. அவளுக்குக் கிருமி இல்லை. அதை இரண்டு வயதில் பரிசோதித்துச் சொன்ன நாளைத் தேதியோடு சொல்வேன்.

"சாப்டியாம்மா?" என்றாள். சாப்பிட்டேன் என்றேன். என்ன குழம்பு என்றாள். பருப்பு என்றேன். கல்லூரியில் டாக்டர்களுக்கே பாடம் எடுக்கிறேன் என்று சொன்னேன், சிரித்தாள். நல்லபடியாகத்தான் பேசினோம்.

ரவிக்கை எல்லாம் தொளதொளவென்று இருக்கிறது. தையற்காரி அளவைக் கெடுத்து வைத்திருக்கிறாள். நாளை போய் நன்றாகக் கேட்க வேண்டும்.

ஜூலை 23, செவ்வாய்

வகுப்புக்கு முன்னால் இசக்கியம்மாள் வராந்தாவில் காத்திருந்தாள்.

"மன்னிச்சிருங்கக்கா. அந்தக் கேள்விய எப்படிக் கேக்கணும்னு சொல்லித்தாறீயளா?"

"உங்க வாத்தியாரக் கேளு."

"கேட்டேன்க்கா. அனுதாபத்தோட கேளுன்னாவ. அனுதாபத்தோடன்னா எப்படிக்கா?"

எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். எரிச்சல்தான் வந்தது. "கத்திரிக்கா என்ன வெலைன்னு கேக்கற மாதிரிக் கேளு. மூஞ்சியப் பாத்துக் கேளு. கேட்டுட்டு வாய மூடிக்கிட்டு உக்காரு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

இன்று அவள் முறை வரவில்லை. ரோஹித் கேட்டான், "தப்பான எண்ணம் எதுவும் வரலியே?" என்று. வரலியே! பதிலையும் அவனே வைத்துக்கொண்டு வருகிறான்.

ஜூலை 25, வியாழன்

மாத்திரை டப்பாவை எண்ணினேன். கணக்குப்படி பத்து இருக்க வேண்டும். இருபத்தொன்று இருக்கிறது. சென்டரில் எண்ணத் தெரியாதவர்களை வைத்திருக்கிறார்கள்.

ஜூலை 28, ஞாயிறு

மூன்று மணிக்கே விழிப்பு. இது கொஞ்ச நாளாகவே இருக்கிறது. வயது நாற்பத்தைந்து ஆகப்போகிறது, இந்த வயதில் பெண்களுக்கு இப்படித்தான் இருக்கும்.

தாரணியின் ஃபோனை எடுக்கவில்லை. பிறகு, தலைக்குக் குளித்துக்கொண்டிருந்தேன் என்று செய்தி அனுப்பினேன்.

ஜூலை 30, செவ்வாய்

இன்று டீன் வந்தார். வெளியூரிலிருந்து இரண்டு பேராசிரியர்கள், ஒரு கேமரா. பயிற்சி நன்றாக நடக்கிறது என்று மேலே காட்ட வேண்டுமாம். டாக்டர் அருளானந்தம் என்னிடம் தனியாக, "இன்னிக்கு மட்டும் கோபப்படாதீங்க மேடம், ப்ளீஸ்" என்றார். தாளின்படியே நடித்துவிடுவதாக ஒப்புக்கொண்டேன். தாளில் ஒன்பதாவது கேள்விக்கு லட்சுமியின் பதில், 'இல்லை'.

எனக்கு எதிரே இசக்கியம்மாளை உட்கார வைத்தார்கள். அவள் தாளை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டாள். கேள்விகளை மனப்பாடம் செய்திருந்தாள். தூக்கத்தைப் பற்றிக் கேட்டு, பதிலுக்குக் காத்திருந்தாள். சாப்பாட்டைப் பற்றிக் கேட்டாள். நான் லட்சுமிக்காகச் சொல்லிக்கொண்டு வந்தேன்.

பிறகு என் முகத்தைப் பார்த்து, குரல் மாறாமல் கேட்டாள்: "செத்துப் போயிரலாம்னு தோணுதாக்கா?"

கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டாள்.

இல்லை என்று சொல்ல வேண்டும். சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"ஆமா" என்றேன்.

அவள் அசையவில்லை. "எப்பக்கா?"

"காலைல மூணு மணிக்கு முழிப்பு வருது. அப்ப. வெளிச்சம் வர்ற வரைக்கும்."

"எம்புட்டு நாளா?"

"ஏப்ரல்ல இருந்து."

அவள் வாய் திறந்தது. அடுத்து என்ன சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. அதுவரைக்கும்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். கேட்பது எப்படி என்று மூன்று வாரம் பயிற்சி கொடுத்தவர்கள், ஆமாம் என்று ஒருத்தி சொல்லிவிட்டால் அப்புறம் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வரி சொல்லிக்கொடுக்கவில்லை. அவள் டாக்டரைத் திரும்பிப் பார்த்தாள். அதற்குள் நேரம் முடிந்த மணி அடித்துவிட்டது.

கைதட்டினார்கள்.

டீன் தட்டினார், வெளியூர்க்காரர்கள் தட்டினார்கள், எல்லாருக்கும் முன்னால் டாக்டர் அருளானந்தம் தட்டினார். "அப்படியே தத்ரூபம்! எந்த நாடகக் குழுவுல இருந்தீங்கம்மா?" என்றார் டீன். கும்பிட்டேன். ரோஹித் விசிலே அடித்தான்.

இசக்கியம்மாள் மட்டும் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

சுகுணாவை மனதில் வைத்து நடித்தேன். அவ்வளவுதான். ஆனால் ஒருத்தி சாகத் தோன்றுகிறது என்று சொல்கிறாள், ஒரு அறை நிறைய டாக்டர்கள் கைதட்டுகிறார்கள். இந்தப் பேனாவால் தாள் கிழிகிறது. நிறுத்துகிறேன்.

ஆகஸ்ட் 1, வியாழன்

சங்கத்துக்குப் போகவில்லை.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப்பெருக்கு. எல்லாரும் ஆற்றுக்குப் போய்விட்டார்கள், சங்கத்தில் நான் மட்டும். மதியம் இரண்டு மணிக்கு மாடிப்படியில் செருப்புச் சத்தம். இசக்கியம்மாள். பேருந்தில் நின்றுகொண்டே வந்தாளாம், முகமெல்லாம் புழுதி.

"எதுக்கு வந்த?"

"அன்னைக்குத் தாள்ல இல்லன்னுதான் போட்டிருந்துச்சுக்கா. நான் பாத்துட்டேன். நீங்க ஆமான்னு சொன்னீய."

"நடிப்புல அப்படி மாத்திச் சொல்றதுதான்."

"சரிக்கா" என்றாள். போவாள் என்று பார்த்தேன். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். "ஆமான்னு சொன்னா என்ன செய்யணும்னு சார்கிட்டப் போய்க் கேட்டேன். மனநல ஓ.பி.க்கு ஒரு சீட்டு எழுதி அனுப்பணும்னாவ. நான் அந்த ஓ.பி.க்கு நடந்து பாத்தேன்க்கா. பெரிய கட்டடத்துல ரெண்டாவது மாடி. முன்வாசல்ல போய்ப் புதுசா சீட்டுப் போடணும். சீட்டுக் கவுண்டர பதினொன்னரைக்கே மூடிருதாவ. ஏ.ஆர்.டி.ல மாத்திர வாங்கி முடிக்கவே பன்னெண்டு மணி ஆவுது. அப்ப யாருதான் அங்க போவா?"

எனக்குத் தெரியும் என்று கத்தினேன். எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். சுகுணா போனாள். பிப்ரவரியில் தூக்கம் இல்லை என்று ஏ.ஆர்.டி.யில் இருந்த பயிற்சி டாக்டரிடம் சொன்னாள். அவன் சீட்டு எழுதிக் கொடுத்தான். அவள் மில்லுக்கு லீவு போட்டுவிட்டு வந்தவள், முன்வாசலுக்கு ஓடினாள். கவுண்டர் மூடியிருந்தது. அங்கேயே நின்று எனக்கு ஃபோன் செய்தாள்.

"என்ன சொன்னாவ?" என்று கேட்டாள் இசக்கியம்மாள்.

"மூடிட்டாங்கக்கா, எனக்கு என்னமோ மாதிரி இருக்குதுக்கான்னா."

"நீங்க என்ன சொன்னீய?"

நான்கு மாதமாக யாரும் இதைக் கேட்கவில்லை. கேட்டால் சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். அன்று சங்கத்தில் கூட்டம். என் கையில் மைக். "சும்மா பெனாத்தாத சுகுணா, மாத்திரையப் போட்டுட்டு வேலையப் பாரு, தைரியமா இரு" என்றேன். இதே வாயால். சரிக்கா என்றாள். அதற்குப் பிறகு அவள் என்னைக் கூப்பிடவில்லை.

அதைச் சொல்லி முடித்ததும் இந்தப் பெண் மேல் எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "போதுமா? நோட்டுல எழுதிக்கிட்டியா? எந்திரிச்சுப் போ!"

"போவ மாட்டேன்க்கா."

"போன்னு சொல்றேன்."

"ஆமான்னு சொன்னவியள விட்டுட்டு எந்திரிச்சுப் போவக் கூடாது. எனக்கு அது ஒண்ணுதான் தெரியும். மத்ததெல்லாம் திங்கக்கிழமைக்குள்ள படிச்சிருவேன்." நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்தாள். "நீங்க நடிக்கலக்கா. மூணு மணின்னு சொல்லும்போது உங்க கை கெடந்து ஆடுச்சு."

பிறகு நடந்ததை விரிவாக எழுத விருப்பமில்லை. நான்கு மணி வரைக்கும் உட்கார்ந்திருந்தாள். டப்பாவில் எத்தனை மாத்திரை மிச்சம் என்று கேட்டாள். சென்டரில் தப்பாக எண்ணிக் கொடுத்தார்கள் என்று சொல்ல ஆரம்பித்தேன், முடிக்க முடியவில்லை. பதினொரு நாள் நான் போடவில்லை. இப்போது இன்னும் அதிகம்.

என்னைக் கேட்காமல் சங்கத் தலைவிக்கு ஃபோன் செய்து வரவழைத்தாள். திங்கட்கிழமை வரைக்கும் தலைவி வீட்டில்தான் இருக்க வேண்டுமாம். நேற்றுப் பிறந்த பெண், எனக்கு உத்தரவு போடுகிறாள்.

தலைவி வீட்டில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். தேங்காய்ச் சாதம் போட்டார்கள். பாதி சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 5, திங்கள்

காலை ஏழரைக்கே சீட்டு வரிசையில் இசக்கியம்மாள் எனக்காக நின்றிருந்தாள். இரண்டாவது மாடி. மரப் பெஞ்சு. பெயர் கூப்பிட்டதும் உள்ளே போனேன். மேசைக்குப் பின்னால் டாக்டர் அருளானந்தம்.

"வாங்க மேடம். இன்னிக்குக் கிளாஸ் இல்லையே? நாளைக்குத்தானே?"

"கிளாஸுக்கு வரலீங்க" என்று சீட்டை நீட்டினேன்.

அவர் சீட்டைப் பார்த்தார். என் பெயரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அந்த மனிதரின் முகம் வெளுத்துப்போனது. எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு, மேசைக்கு அந்தப் பக்கம் போகாமல் எனக்குப் பக்கத்து ஸ்டூலில் வந்து உட்கார்ந்தார்.

"அன்னிக்கு..."

"கைதட்டுனீங்களே டாக்டர்."

"ஆமாங்க."

"மொதல்ல தட்டுனது நீங்கதானுங்க."

"ஆமாங்க" என்றார் மறுபடியும். காரணம் எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எழுந்து வந்திருப்பேன்.

ஒன்பது கேள்வியும் கேட்டார். ஒன்பதாவதுக்குப் பிறகும் கேட்டார். எப்படி என்று யோசித்திருக்கிறீர்களா, வீட்டில் என்ன இருக்கிறது, யார் இருக்கிறார்கள், அந்த மூன்று மணிக்கு யாரைக் கூப்பிட முடியும். முக்கால் மணி நேரம். வெளியே பெஞ்சில் இருந்தவர்கள் கதவைத் தட்டினார்கள், அவர் எழுந்திருக்கவில்லை. ஏ.ஆர்.டி. மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிடக்கூடிய ஒரு மாத்திரை எழுதினார். அது வேலை செய்ய இரண்டு மூன்று வாரம் ஆகும், அதுவரைக்கும் தனியாக இருக்கக் கூடாது, மகளைக் கூப்பிடுங்கள் என்றார்.

முடியாது என்றேன். அவளுக்கு வேலை இருக்கிறது என்றேன். எய்ட்ஸ்காரி மகள் என்ற பேச்சிலிருந்து அவளை வெளியே அனுப்ப இருபது வருடம் பாடுபட்டேன், இப்போது பைத்தியக்காரி மகள் என்று வேறு கூப்பிட வேண்டுமா என்று கத்தினேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். கத்தி முடித்ததும் என் ஃபோனை என் பக்கமாக நகர்த்தினார்.

தாரணி நான்கு வார்த்தைக்கு மேல் பேசவிடவில்லை. "பஸ் ஏறறேன்" என்றாள்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

காலையில் தாரணி வந்துவிட்டாள். பையை வைத்தாள். சமையலறையைத் திறந்து பார்த்தாள். அரிசி டப்பாவைப் பார்த்தாள். வகுப்புக்குப் போகிறேன் என்றேன். கூடவே வந்தாள்.

வகுப்பில் நாற்காலியில் உட்காரவில்லை. நின்றுகொண்டு சொன்னேன்: "போன வாரம் ஆமான்னு சொன்னது நெசம். நீங்க கைதட்டுனதும் நெசம்."

ஒருவரும் நிமிரவில்லை. ரோஹித்தின் காது சிவந்துவிட்டது.

"இன்னிக்குப் பேச்சுப் பயிற்சி கெடையாது. எல்லாரும் கோட்டக் கழட்டுங்க. கழுத்துல இருக்கறதையும் கழட்டுங்க. ஏ.ஆர்.டி. சென்டர் வாசல்ல ஒரு பொம்பள ஆமான்னு சொல்லிட்டா. நீங்க சீட்டு எழுதிக் குடுத்துட்டீங்க. இப்ப நீங்கதான் அவ. நடங்க."

டாக்டர் அருளானந்தமும் கோட்டைக் கழற்றினார். நான் சொல்லவில்லை, அவராகவே.

பிணவறைச் சாலை வழியாகப் போனோம், ஏ.ஆர்.டி.யிலிருந்து முன்வாசலுக்கு அதுதான் வழி. பதினோரு மணி வெயில். சீட்டு வரிசையில் தள்ளுமுள்ளு. கவுண்டரில் இருந்தவர், "எங்கிருந்து வர்ற?" என்று ரோஹித்தைக் கேட்டார். ரோஹித் ஏ.ஆர்.டி. என்றான். "சத்தமா சொல்லு!" மறுபடி சொன்னான். அவர் ஊருக்கே கேட்கிற மாதிரி, "ஏ.ஆர்.டி. கேசா? ஓரமா நில்லு" என்றார். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு அம்மா தன் பையனை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

ரோஹித் ஓரமாகப் போய் நின்றான். இருபத்திரண்டு வயதுப் பையன், என்ன செய்வது என்று தெரியாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவனை மறுபடி கூப்பிடுவதற்குள் பதினொன்றரை ஆனது. கதவு இறங்கியது. அவனுக்குப் பின்னால் டாக்டர் அருளானந்தம் நின்றுகொண்டிருந்தார். "சார், நான்..." என்று ஆரம்பித்தார். உள்ளேயிருந்து, "நாளைக்கு வாப்பா" என்று குரல் வந்தது.

பதினெட்டு வருடமாக இந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறாராம். டாக்டர்கள் வருகிற வழி வேறு. இந்த வரிசையில் ஒரு நாளும் நின்றதில்லை.

நான் மூடிய கதவைத் தட்டினேன். உள்ளங்கை வலிக்கிற வரைக்கும் தட்டினேன். சுகுணாவின் பெயரைச் சொல்லிக் கத்தினேனாம், தாரணி சொன்னாள், எனக்கு நினைவில்லை. செக்யூரிட்டி ஓடி வந்தான். மாணவர்கள் என்னைச் சுற்றி நின்றுகொண்டார்கள். யாரும் தைரியமாக இருங்கள் என்று சொல்லவில்லை. இசக்கியம்மாளும் கதவைத் தட்டினாள். அப்புறம் ரோஹித் தட்டினான்.

டீனிடம் போனோம். கோப்பு அனுப்புகிறேன் என்றார். டாக்டர் அருளானந்தம், கோப்பு போகிறபோது போகட்டும், வியாழக்கிழமை முதல் ஏ.ஆர்.டி. சென்டரிலேயே ஒரு மேசை போட்டு உட்காருகிறேன் என்றார். சுகுணாவின் பெயருக்கு எதிரே எழுதியிருப்பதை மாற்ற வேண்டும் என்று நான் சொன்னேன். அதற்குப் படிவத்தில் இடம் இல்லை என்றார்கள். இடம் உண்டாக்குங்கள் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். விடமாட்டேன்.

ஆகஸ்ட் 8, வியாழன்

டாக்டர் ஒரு மணி நேரம் தாமதமாக வந்தார். மேசை கொடுக்கவில்லை. மாத்திரை அட்டைப்பெட்டிகள் நடுவில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். மூன்று பேரைப் பார்த்தாராம். இசக்கியம்மாள் ஃபோனில் சொன்னாள். ஆமாம் என்று ஒருவர் சொன்னாராம், அவரைக் கையோடு அழைத்துப் போய் வார்டில் சேர்த்தாளாம். யார், என்ன என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

தாரணி இரண்டு நாளாகத் தேவைக்கு மட்டும் பேசுகிறாள். மாத்திரையை எடுத்துக் கையில் கொடுத்து, விழுங்குகிற வரை பார்க்கிறாள். இன்று மத்தியானம் இருவரும் அவரைக்காய்க்கு நார் எடுத்துக்கொண்டிருந்தோம்.

"வாரா வாரம் போன் பண்ணுனேனே. சாப்டியான்னு கேட்டேனே" என்றாள் திடீரென்று.

"சாப்டேன்னு சொன்னேன்."

"பொய்யி."

"பொய்தான்."

"பருப்புக் கொழம்புன்னியே! நான் அங்க ஆபீஸ்ல எல்லாத்துகிட்டயும் எங்கம்மா டாக்டருங்களுக்கே பாடம் எடுக்குதுன்னு பீத்திக்கிட்டு இருந்தேன்." அவரைக்காயை முறத்தில் எறிந்தாள். "இன்னிக்கு அந்த நெனப்பு வந்துச்சா?"

பெற்ற மகள் இப்படிக் கேட்பாள் என்று நினைக்கவில்லை. கோபம் வந்தது. இல்லை என்று சொல்லிவிட்டு எழுந்து போகலாம், அடுப்பில் உலை இருந்தது.

"காலைல வந்துச்சு. இப்ப இல்ல."

"எத்தன மணிக்கு?"

"மூணே காலுக்கு."

"நான் பக்கத்துலதான படுத்திருந்தேன். எழுப்ப வேண்டியதுதான?"

"தூங்கிட்டிருந்த கண்ணு."

"தூங்குனா என்ன? எழுப்பு. நாளைக்கு வந்தா எழுப்பு."

"செரி."

"ஒழுங்காச் சொல்லு."

"செரின்னு சொன்னனில்ல!" என்று கத்தினேன். அவளும் கத்தினாள். எதிர்வீட்டில் டி.வி. சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேட்டார்கள். கேட்கட்டும் என்று இன்னும் சத்தமாகச் சண்டை போட்டோம். உலை பொங்கி அடுப்பு அணைந்துவிட்டது. அதைத் துடைத்துத் திரும்பப் பற்றவைத்து, மூன்று மணிக்குச் சாப்பிட்டோம்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

மூன்று பத்துக்கு விழிப்பு வந்தது. தாரணி தூங்குவதைப் பத்து நிமிடம் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன்.

எழுப்பினேன்.